மாலை போட்டால் குடிக்காதவர், மாலையைக் கழற்றினால் ஏன் குடிக்கிறார்?

கொங்குப் பகுதியில் இருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 37 வயது, கணவருக்கு 43. கணவர் சொந்தமாக ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. கல்யாணமான புதிதில் விசேஷங்களுக்கு மட்டும் குடித்தவர், எட்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார். ராத்திரி ஒரு குவாட்டர் என்று இருந்தது இப்போது ஒரு ஆஃப் ஆகிவிட்டது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலையில் குடிப்பதற்கென்று முந்தின ராத்திரியே ஒரு கட்டிங் மிச்சம் வைத்துக்கொள்கிறார். அது உள்ளே போகும்வரை கை நடுங்குகிறது. “ஒரு நூல்கூட விலகாமல் வேலை செய்வார் என்று பேர் எடுத்தவர். இப்போது மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க முடியாமல், வேலைக்கு இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்” என்று எழுதியிருக்கிறார்.

போன கார்த்திகையில் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று கத்தியிருக்கிறார். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. எதிரே லேத் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு காற்றில் சக்கரம் சுற்றியிருக்கிறார். சாமி வந்திருக்கிறது என்று வீட்டில் விபூதி பூசிக் குருசாமியை அழைத்து வந்தார்கள். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. அப்புறம் 48 நாளும் ஒரு சொட்டுத் தொடவில்லை. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே பழையபடி ஆகிவிட்டது.

இப்போது அந்தச் சகோதரி முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொழுந்தனார் ஒரு மறுவாழ்வு மையத்தைச் சொல்கிறார். ராத்திரியில் வண்டியோடு வந்து தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்திருப்பார்களாம். மாமியார், “மாலை போட்டப்ப இருந்தான்ல? மூணு நாள் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டு, எல்லாம் சரியாயிடும்” என்கிறார். இதற்கிடையில் போன மாதம் ஒருமுறை கணவர் கை நீட்டியிருக்கிறார். மகள் குறுக்கே வந்து நின்றிருக்கிறாள். கடிதம் இப்படி முடிகிறது: “சாமிக்காக 48 நாள் இருக்க முடிந்தவர், எங்களுக்காக ஒரு நாள் இருக்க மாட்டேன் என்கிறார் என்றால், எங்கள் மேல் பாசம் இல்லை என்றுதானே அர்த்தம்?”

அன்புச் சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அப்படி அர்த்தம் இல்லை. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. குடிநோய் சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்து பல வருடமாக இதே கேள்வியைக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மாலை போட்ட அந்த 48 நாளில், உங்கள் கணவரின் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் இருக்கிறது. அதை நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் தப்பாகப் படித்துவிட்டீர்கள். அதை முதலில் சரி செய்வோம்.

மூன்றாம் நாள் ராத்திரி நடந்தது என்ன?

அன்றைக்கு உங்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கலாம். பயமுறுத்துவதற்காக இல்லை, உள்ளது அதுதான்.

தினமும் மது உள்ளே போகும்போது அது மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளை சும்மா இருக்குமா? சரிக்கட்ட, எதிர்ப்பக்கம் தன்னை முறுக்கேற்றிக்கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பலம் கொண்டு இழுக்கும்போது கயிறு அசையாமல் நிற்கும். ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்கள். குடியைத் திடீரென்று நிறுத்தும்போது மூளைக்கு நடப்பது இதுதான். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும். காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு எகிறும். எறும்பு ஊர்வதாகத் தெரிவதும், அவரவர் தொழிலைக் காற்றில் செய்வதும் எங்களுக்குப் பழகிய காட்சிகள். தையல்காரர் ஊசி கோர்ப்பார், டிரைவர் கியர் போடுவார். உங்கள் கணவர் சக்கரம் சுற்றியிருக்கிறார். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது.

காலையில் அவர் குடிக்கும் கட்டிங்கும் இதே கணக்குத்தான். அதை அவர் போதைக்காகக் குடிக்கவில்லை. நடுக்கத்தை அடக்கக் குடிக்கிறார். ராத்திரி எவ்வளவு ஏறியிருந்தாலும் காலைக்கு மிச்சம் வைக்கத் தவறுவதில்லை என்றீர்களே, அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடிந்தால் கை என்ன ஆகும் என்ற பயம் அது.

ஒருமுறை இப்படி ஆனவருக்கு, அடுத்தமுறை திடீரென்று நிறுத்தினால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். முன்னைவிடக் கடுமையாகவும் வரலாம். அதனால் மாமியார் சொல்வதுபோல ரூமில் போட்டுப் பூட்டவே பூட்டாதீர்கள். கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டுவதும் வேண்டாம். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி மாலை போட ஆசைப்பட்டால் தாராளமாகப் போடட்டும். ஆனால் அதற்கு முன்பே மருத்துவமனையில் வைத்துக் குடியை இறக்கிவிட வேண்டும்.

இடையில் அவராகவே குடியை நிறுத்திவிட்டு வலிப்போ பிதற்றலோ காய்ச்சலோ வந்தால், ரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், உடனே 108க்கு அழையுங்கள். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். இன்னொன்று. சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், சிலருக்கு ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடும். “இவர் தினமும் குடிப்பவர், முதலில் பி1 ஊசி போடுங்கள்” என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அப்படியானால் 48 நாள் எப்படி இருந்தார்?

குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடியே இருப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை அவர் உயிரைப் பணயம் வைத்து முடித்தார். இரண்டாவது வேலையை அவர் தனியாகச் செய்யவில்லை, ஒரு ஊரே சேர்ந்து செய்தது. யோசித்துப் பாருங்கள். விடிகாலையில் குளியல், கறுப்பு வேட்டி, தனிச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூஜை. பழைய கூட்டாளிகூட அவரைப் பார்த்தால் “சாமி” என்று கும்பிட்டுவிட்டு விலகிப் போயிருப்பான். பார் பக்கம் போனால் அங்கே இருப்பவனே “சாமி, நீங்க இங்க வரக்கூடாது” என்பான். வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில் கையில் ஜால்ரா இருந்தது, சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள். மாலையைக் கழற்றியபோது இவ்வளவும் ஒரே நாளில் போய்விட்டது. அன்று ராத்திரி ஏழு மணிக்கு அவரிடம் என்ன மிச்சம் இருந்தது?

பாசம் போதாமல் அவர் மறுபடி குடிக்கவில்லை. 49ஆம் நாளுக்கென்று யாரும், அவர் உட்பட, எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. சிகிச்சை என்று நாங்கள் செய்வதில் பாதி, அந்த ஏற்பாடுதான்.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

தயவுசெய்து வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த இடம் இதுதான்.

சுவரொட்டியிலும் பஸ்ஸுக்குள் ஒட்டும் நோட்டீஸிலும் “அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்” என்று விற்கிறார்களே, அதில் சிலவற்றில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. பக்கத்துத் தெரு அம்மா தருவது பெரும்பாலும் டைசல்ஃபிரமாக இருக்கும். அது நிஜமான மருந்துதான். ரப்பர் ஆலைகளில் பயன்படும் ரசாயனம் அது. அதைக் கையாண்ட தொழிலாளர்களால் மதுவைத் தாங்க முடியவில்லை என்று 1930களிலேயே கவனித்தார்கள். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அது குடிநோய்க்கு மருந்தானது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்தவர் கிளாஸைத் தொட மாட்டார். மருந்தின் பலமே அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது. தெரியாதவர் வழக்கம்போல ஒரு ஆஃபையும் குடிப்பார். 30 மில்லியை ஒரு பெக் என்று வைத்தால் அது பன்னிரண்டு பெக்குக்கு மேல். இதயமோ ஈரலோ ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அவர் எழுந்திருக்காமலே போகலாம். அப்படி ஏதாவது ஆனால் சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்கள், மாத்திரை கொடுத்த அம்மா இல்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்றைக்காவது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். எங்கள் மாத்திரையையும் நம்ப மாட்டார். ஏற்கெனவே ஒரு நாள் கலந்துவிட்டீர்கள் என்றால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

ராத்திரியில் வந்து தூக்கிப் போகிறவர்கள்

கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் அது மனநோய்க்குள் சேர்த்திருக்கிறது. அதன்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வழி உண்டு. ஆனால் அது மிகக் குறுகிய வழி. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கிறார் அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வண்டியில் நாலு பேர் வந்து கை காலைக் கட்டித் தூக்கிப் போவதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. சங்கிலியால் பிணைப்பதை அந்தச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். நம் மாநிலத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது.

மையமே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல மையங்கள் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே மருத்துவமனை போன்றவை, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்து வழி காட்டியிருக்கின்றன. எந்த மையமாக இருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்தால் பார்க்க எந்த மருத்துவர் இருக்கிறார், ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். “ஒரு மாதம் போன் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது” என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். செலவு இல்லை. உங்கள் கணவருக்கு ஏற்கெனவே ஒருமுறை புத்தி தடுமாறியிருப்பதால் உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் நல்லது. ஐந்திலிருந்து பத்து நாள் ஆகும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள். அந்த மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். அதன் பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எது பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். டைசல்ஃபிரம்கூடக் கொடுக்கலாம், அவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுவதாக இருந்தால்.

அவரிடம் எப்படிப் பேசுவது?

ராத்திரி பேசாதீர்கள். போதையில் செய்யும் சத்தியம் விடிந்தால் இருக்காது. காலையில் எழுந்ததும் நடுங்கிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். பட்டறையில் கொஞ்சம் நிதானமாக இருக்கும் முற்பகல் நேரம் பாருங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். “குடும்பத்தை நாசம் பண்ணிட்டீங்க” என்று ஆரம்பித்தால் அவர் காதை மூடிக்கொள்வார். அவருடைய கையைப் பற்றிப் பேசுங்கள். “மைக்ரோமீட்டரை அந்தத் தம்பிகிட்ட கொடுத்தீங்களே, பார்க்க எனக்குத் தாங்கலைங்க. அந்த நடுக்கத்துக்கு மருந்து இருக்காம், ஒரு தடவை போய்க் காட்டலாமா?” இவ்வளவு போதும். குடியை ஒத்துக்கொள்ள மறுப்பவர்கள்கூட நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருத்துவரைப் பார்க்கச் சம்மதிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே வந்துவிட்டால் மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அப்புறம், ஆர்டர் கொடுத்தவர்கள் போன் செய்யும்போது “அவருக்குக் காய்ச்சல்” என்று நீங்கள் சொல்லிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். “அவரிடமே பேசுங்கள்” என்று போனைக் கையில் கொடுங்கள். அவர் வாங்கிய கைக்கடனுக்கு உங்கள் நகை போக வேண்டாம். இது அவருக்குக் கொடுக்கும் தண்டனை என்று நினைக்காதீர்கள். குடியால் வரும் நஷ்டம் அவர் கண்ணில் படாமல் இத்தனை நாள் நீங்கள் குறுக்கே நின்று வாங்கிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் விலகி நில்லுங்கள், அவ்வளவுதான்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மாலை கொடுத்ததை எல்லாம் வேறு விதத்தில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து “இன்று மட்டும் குடிக்க மாட்டேன்” என்று சொல்லிக் கலைவார்கள். குருசாமி கூட்டத்துக்கும் இதற்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அது உங்களுக்கு. முதல் சில மாதங்களில் ஒருமுறை சறுக்கிவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாள் சர்க்கரை ஏறினால் என்ன செய்வோமோ, அதையே செய்யுங்கள். மறுநாளே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அடி விழுந்த நாள்

குடி நோய்தான். அதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால், அது நான் இல்லை. இன்னொருமுறை கை நீட்டினால் குழந்தைகளோடு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 181 மகளிர் உதவி எண், எந்த நேரமும் பேசலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் நகல்களை ஒரு பையில் போட்டுத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். விவாகரத்து பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, கோடு போட்டு அடித்துவிட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, அதில் எந்தப் பக்கமும் தள்ள மாட்டேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி தருகிறார்கள். 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தெரிந்துகொள்வதாலேயே பிரிந்துபோக வேண்டும் என்று ஆகிவிடாது.

மகள்

கடிதத்தின் நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா எவ்வளவு குடிக்கிறார் என்று கண்டுபிடிக்க, மகள் கண் மைப் பென்சிலால் பாட்டிலில் கோடு போட்டு வைக்கிறாள் என்று. அந்த வரியை மூன்று முறை படித்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை அளக்க வேண்டியது அதுவா? அவளை உட்காரவைத்து, “அப்பாவுக்கு இருப்பது ஒரு வியாதி. அது உன்னால் வரவில்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இனி அடி விழும் நேரத்தில் குறுக்கே வராமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். அவள் வகுப்பு ஆசிரியை ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 வீடுகளில் எத்தனை வீடு, உங்களைப் போல மானத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டதோ தெரியாது.

இன்று ராத்திரியே வேண்டுமானால் 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசுச் சேவை அது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. அவர் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். நோயாளி இல்லாமல் வந்தீர்களா என்று யாராவது கேட்டால், ஆலோசனைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு, எத்தனை மணிக்கு முதல் கட்டிங், மூன்றாம் நாள் ராத்திரி என்னென்ன நடந்தது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாம் நாள் ராத்திரியை முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்டால் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.